மோவாய்க்குக் கீழே ஒரு கோடு

கிளாத்தென் நகரில் இருக்கிற என் லேசர் வெட்டுக் கடையில், பலகையை வெட்டுவதற்கு முன் படங்களைக் கணினியில் சுத்தம் செய்பவர் சுகியோனோ. ஒரே இடத்தில் இரண்டு கோடுகள் கிடந்தால் இயந்திரம் இரண்டு முறை வெட்டும், பலகை கருகிவிடும். அதனால் உபரிக் கோட்டை அழிப்பது அவர் வேலை. அழித்து அழித்து அது வியாதியாகவே முற்றிவிட்டது. கோடு போட்ட சட்டையைக்கூட முறைத்துப் பார்ப்பார்.

ஊர்த்தலைவர் பாக் ஹர்தோயோவின் பதவி நிறைவு விழாவுக்கு, அவர் முகத்தை ஒட்டுப்பலகையில் வெட்டித் தரக் கேட்டார்கள். வரைந்தவன் நேர்மையானவன், மோவாய்க்குக் கீழே இன்னொரு மோவாயையும் வரைந்திருந்தான். சுகியோனோ அதை அழித்துவிட்டார்.

"யோவ், அது அவரோட கழுத்துச் சதைய்யா!" என்று கத்தினேன்.

"ரெண்டு கோடு ஒட்டி ஒட்டிக் கெடந்தா கருகிடும், பாஸ். மிஷினுக்குத் தலைவர் மூஞ்சியும் ஒண்ணுதான், சாவி வளையமும் ஒண்ணுதான்."

விழாவில் பலகையைப் பார்த்துத் தலைவர் பூரித்துப்போனார். "அப்படியே நான்தான்!" என்றார். சுகியோனோவுக்குத் தலைகால் புரியவில்லை.

தலைவரின் மனைவி மட்டும் பலகையை உற்றுப் பார்த்துவிட்டு, கூட்டத்துக்கே கேட்கும்படி சொன்னார்:

"ஏங்க, நீங்க பதவிக்கு வந்த பிறகு இந்த ஊர்ல வளர்ந்ததே அந்த ஒரு சதைதான். அதையும் அழிச்சுட்டாங்களே!"