நின்றால் வலி, படுத்தால் சுகம்

எனக்கு வந்த தலைவலியைப் பற்றிச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். நின்றால் வலிக்கும். உட்கார்ந்தாலும் வலிக்கும். படுத்தால் சற்று நேரத்தில் காணாமல் போய்விடும். எழுந்தால் மறுபடி ஆரம்பம். வேலைக்கும் போய், வீட்டிலும் சமைத்து, மாமியாரோடு ஒரே கூரையின் கீழ் இருக்கிற ஒருத்திக்கு இதைவிடச் சந்தேகத்துக்கு இடமான வியாதி வர முடியாது.

இலங்கை மலையகத்தில், பூனாகலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் மூன்றாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். ஒருநாள் வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் கடைசி சீட்தான் கிடைத்தது. ஒரு வளைவில் பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறியது. நான் ஆளுயரத்துக்கு எழும்பி, முதுகு அதிர விழுந்தேன். பக்கத்தில் இருந்த மனிதர் மடியில் வெங்காயத்தாள் போன்ற வெலிமடை லீக்ஸ் கட்டு ஒன்று வைத்திருந்தார். "ஐயோ, ஒடைஞ்சிருச்சா?" என்று பதறினார். இல்லை என்று நான் சொல்வதற்குள் அவர் லீக்ஸைத் தடவிப் பார்த்துவிட்டுச் சமாதானமாகிவிட்டார்.

மறுநாள் காலை தலைவலி வந்தது. பண்டாரவளை டவுனில் ஃபோன் திருத்தும் கடை வைத்திருக்கும் என் கணவர், "கொஞ்சம் படுத்து எந்திரி, சரியாப் போயிரும்" என்றார். ஃபோன்களுக்கும் அவர் முதலில் செய்வது அதைத்தான், அணைத்துவிட்டு மறுபடி போடுவது. படுத்தேன், சரியானது. எழுந்தேன், பிடரியிலிருந்து யாரோ மூளையைக் கீழே பிடித்து இழுப்பதுபோல் இருந்தது.

அத்தை கதவருகே நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்கக் கொழுந்து எடுத்து, பென்ஷன் வாங்கி, இப்போது எங்களோடு இருக்கிறார்.

"படுத்தா வலிக்கலையா?"

"வலிக்கல அத்தை."

"எனக்கும் அந்த வியாதிதான் புள்ள. கல்யாணம் கட்டுன நாள்லருந்து இருக்கு. படுக்கத்தான் யாரும் விடல."

டவுன் டொக்டர் பீனிசம் என்று மாத்திரை கொடுத்தார். கண்ணாடிக் கடையில் புதுக் கண்ணாடி கொடுத்தார்கள். அதைப் போட்டால் வலி இன்னும் தெளிவாகத் தெரிந்தது. லீவு எடுத்தால் பிள்ளைகளைப் பார்க்க வேறு ஆள் இல்லை. அதனால் பாடசாலைக்குப் போய், முடிகிற வரை நின்று படிப்பிப்பேன். முடியாதபோது இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்துக்கொள்வேன். ஐந்தாம் வாய்ப்பாட்டைப் படுத்தபடியே சொல்லிக் கொடுத்தேன். பிள்ளைகள் தலையை ஒருபக்கமாகச் சாய்த்து என் முகத்தைப் பார்த்து ஒப்பித்தார்கள். வகுப்பு அவ்வளவு அமைதியாக அதற்கு முன் இருந்ததே இல்லை.

அப்படி ஒரு பொழுதில்தான் வலயக் கல்விப் பணிமனையிலிருந்து ஓர் அதிகாரி வந்து வாசலில் நின்றார். பின்னால் எங்கள் பாடசாலை அதிபர், முகத்தில் ரத்தமே இல்லாமல்.

"டீச்சர், நீங்க படுத்திருக்கீங்க" என்றார் அதிகாரி.

"ஆமா சேர். எந்திரிச்சா தலை வலிக்குது."

அவர் பிள்ளைகளைப் பார்த்தார். அத்தனை பேரும் தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தார்கள். "உடனே பதுளைக்குப் போய் ஸ்பெஷலிஸ்ட்டைக் காட்டுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்கு நடந்தார். தண்டனையா அக்கறையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் என்னைக் காப்பாற்றியது அந்த வார்த்தைதான்.

பதுளை கிளினிக்கில் எல்லோரும் உட்கார்ந்திருந்த வாங்கில் நான் படுத்தேன். எனக்குக் கடைசி நேரம் என்று நினைத்து ஜனங்கள் விலகி வழிவிட்டார்கள். நரம்பு டொக்டர் ஒரு சிங்கள இளைஞர், தமிழை ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கிப் பேசினார். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நின்னா வலி. படுத்தா இல்ல. சரியா?" என்று கேட்டு, பயிற்சி டொக்டர்களைக் கூப்பிட்டு அவர்கள் முன்னால் என்னை எழுப்பினார், படுக்க வைத்தார், மறுபடி எழுப்பினார். என் வியாதியைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட முதல் மனிதர் அவர். ஸ்கேன் எடுத்த பிறகு விளக்கினார். மூளை தண்ணீர் போன்ற ஒரு திரவத்தில் மிதக்கிறதாம். அதே திரவம்தான் முதுகுத்தண்டு வரை இறங்கி ஓடுகிறது. பஸ்ஸில் விழுந்த அதிர்ச்சியில் அதைச் சுற்றியுள்ள உறையில் எங்கோ சின்னக் கிழிசல், அதனால் திரவம் கசிந்து அழுத்தம் குறைந்துவிட்டது. எழுந்து நின்றால் மிதக்க வழியில்லாமல் மூளை கொஞ்சம் கீழே சரிகிறது.

துணைக்கு வந்திருந்த அத்தை இதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டார். நாங்கள் வீடு சேர்ந்த அன்று மாலையே லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் செய்தி பரவியிருந்தது: "டீச்சருக்கு மூளை கீழ எறங்கிருச்சாம்." பார்க்க வந்தவர்கள் என் கழுத்தையும் தோளையும்தான் உற்றுப் பார்த்தார்கள்.

படுத்தே இருக்க வேண்டும், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், நல்ல கடுங்கோப்பி குடிக்க வேண்டும் என்பது டொக்டரின் உத்தரவு. கோப்பி என்றதும் அத்தைக்கு ரோஷம் வந்துவிட்டது. "இம்புட்டு மலையிலயும் தேயிலை வெளையுது, இவளுக்குக் கோப்பி கேக்குதா?" என்று முணுமுணுத்தார். ஆனாலும் அவரேதான் போட்டுக் கொண்டுவந்தார். சமையல் கணவர் கைக்குப் போனது. கட்டிலில் கிடந்தபடி நான் உப்பு, புளி அளவு சொன்னேன். அவர் அடுப்படியிலிருந்து, "கேக்கல, சத்தமாச் சொல்லு" என்று கத்துவார்.

கசிவு நிற்கவில்லை. அதனால் பதுளை ஆஸ்பத்திரி வாட்டில் வைத்து, என் கையிலிருந்து ரத்தம் எடுத்து, என் முதுகிலேயே ஊசியால் ஏற்றினார்கள். அந்த ரத்தம் உறைந்து கிழிசலை அடைக்குமாம். "பஞ்சர் ஒட்டுற மாதிரி" என்றார் கணவர். டொக்டருக்கு அந்த உவமை பிடித்துப்போய், பக்கத்துக் கட்டில்காரருக்கும் அதையே சொன்னார். சில மணி நேரம் கழித்து எழுந்து நின்றேன். வலி இல்லை. வாட்டின் கடைசி வரை நடந்து திரும்பினேன். கணவரின் கண் கலங்கியிருந்தது. தூசு என்றார்.

வீட்டுக்கு வந்த அன்று மதியம் ஆசையாகப் படுத்தேன். தலை விண்ணென்று தெறித்தது. எழுந்து உட்கார்ந்தேன், குறைந்தது. நின்றேன், போயே போய்விட்டது.

டொக்டரிடம் ஃபோனில் கேட்டால் சிரிக்கிறார். கசிவு அடைபட்டதும் சிலருக்குத் திரவம் அதிகமாகச் சேர்ந்து அழுத்தம் கூடிவிடுமாம், கொஞ்ச நாளில் தானாக இறங்குமாம். கண் மங்கினால் மட்டும் உடனே வரச் சொன்னார். திரவம் சுரப்பதைக் குறைக்க ஒரு மாத்திரையின் பெயரையும் சொன்னார். அதைப் போட்டால் விரல் நுனியெல்லாம் கூசும், சோடா குடித்தால் சவர்க்காரத் தண்ணீர்போல் இருக்கும்.

"இப்ப என்னாச்சு?" என்றார் அத்தை.

"படுத்தா வலிக்குது அத்தை. நின்னா நல்லா இருக்கு."

"இது நல்ல வியாதி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு விளக்குமாற்றை எடுத்து என் கையில் கொடுத்தார்.

அந்த நாட்களில் எங்கள் வீடு பளபளத்தது. இரவில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடி தூங்கினேன். அலுமாரிக்கு மேலே, கட்டிலுக்குக் கீழே என்று எங்கேயும் தூசு இல்லை. கணவர் தன் கடையையும் ஒருநாள் கூட்டித்தரக் கேட்டார். நான் பார்த்த பார்வையில் பேச்சை மாற்றினார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்குப் பின், தலையணை இல்லாமல் மட்டமாகப் படுத்துப் பார்த்தேன். வலி இல்லை. எழுந்து உட்கார்ந்தேன். இல்லை. மறுபடி படுத்தேன், மறுபடி எழுந்தேன். வாசலில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த கணவர் எட்டிப் பார்த்து, "என்ன செய்றே?" என்றார்.

"ஒண்ணும் வலிக்கலங்க" என்றேன்.

"அப்ப படு" என்றார். படுத்தேன். சாயங்காலம் வரை யாரும் எழுப்பவில்லை.