உடையாத கீபோர்டும் நடைவழி மேசையும்

காப்பீட்டு அலுவலகத்தில் பதிவு வேலை பார்க்கும் அந்தப் பெண்மணிக்குத் ‘தடதட அக்கா’ என்று பெயர். அவர் அதிர்ந்து பேசியதை யாரும் கேட்டதில்லை. சத்தமெல்லாம் அவருடைய கீபோர்டுடையது. செங்கல் கனம். இந்த அலுவலகத்துக்குள் முதல் கம்ப்யூட்டர் நுழைந்தபோது கூடவே வந்தது. அதற்குப் பிறகு கம்ப்யூட்டர்கள் மாறின, மேலாளர்கள் மாறினார்கள். கீபோர்டு மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

புதிதாக வந்த மேலாளருக்குச் சத்தம் ஆகாது. மற்றவர்களின் கீபோர்டுகள் அட்டைபோல மெல்லியவை. அடித்தால் பூனை நடப்பதுபோல இருக்கும். எனவே அக்காவின் மேசையை மட்டும் எல்லாரும் உட்காரும் கூடத்திலிருந்து கழிப்பறைக்குப் போகும் நடைவழிக்குத் தள்ளினார்கள். வருகிறவர்கள் ஈரக் கையை அவர் பக்கம் உதறினார்கள். போகிறவர்கள், “உள்ள ஆள் இருக்காங்களா அக்கா?” என்று கேட்டார்கள். அவரும் பார்த்துச் சொன்னார்.

கூடத்துக்குத் திரும்ப ஒரே வழி, சத்தமில்லாத புதுக் கீபோர்டு. ஆனால் பழையது கெட்டால்தான் புதியது தருவார்கள். மற்றவர்கள் இந்த விதியில் கொழித்தார்கள். எழுத்து அழிந்தது, பொத்தான் கழன்றது என்று அவ்வப்போது ஒன்று வாங்கிக்கொண்டே இருந்தார்கள்.

அக்கா கொலைக்குத் துணிந்தார். கைதவறியதுபோலக் கீழே தள்ளினார். தரை ஓடு விரிசல் விட்டது. சர்க்கரை போட்ட டீயைக் குவளையோடு கவிழ்த்தார். கீபோர்டு குடித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தது. பிசுபிசுப்பை மனம் பொறுக்காமல் அவரே குழாயில் கழுவிக் காயவைத்தார். நெடுநாளாக அடம்பிடித்த ஒரு பொத்தான் அத்தோடு சரியாகிவிட்டது.

பழுது பார்ப்பவர் வந்து தட்டிப் பார்த்தார். “இதுக்கு ஒரு நோயும் இல்லக்கா. நமக்குத்தான் சுகர், பிரஷர் எல்லாம்.”

“கெட்டுப்போச்சுன்னு எழுதிக் குடுங்க தம்பி.”

“எழுதலாம். சார் அடிச்சுப் பாப்பாரே.”

பார்த்தார். மேலாளர் இரண்டு விரலால் தன் பெயரை அடித்தார். பட்டத்தையும் சேர்த்து மறுபடி அடித்தார். முகம் மலர்ந்தது. “கைக்கு நல்லா இருக்கேம்மா. இது என் ரூம்ல இருக்கட்டும். என்னோடத நீங்க வச்சுக்குங்க.”

அன்றே மேசை கூடத்துக்குத் திரும்பியது. மேலாளர் அறையில் தடதடவென்று சத்தம் கிளம்பியது. யாரும் முகம் சுளிக்கவில்லை. “பாவம், மனுஷன் மாடா உழைக்கிறார்” என்றார் காசாளர், மரியாதையாகக் குரலைத் தாழ்த்தி.

அந்த மாதம் முடிவதற்குள் அக்காவின் மெல்லிய கீபோர்டில் ஒரு பொத்தான் கழன்றது. புதியது கேட்டு, கிடைத்த இடத்துக்கு வினை தேடுவானேன் என்று டேப் போட்டு ஒட்டி, தலை நிமிராமல் அடித்துக்கொண்டிருந்தார். பின்னால் வந்து நின்றார் மேலாளர்.

“என்னம்மா, உங்க பக்கம் சத்தமே காணோம். வேலை நடக்குதா?”

“நடக்குது சார்.”

அவர் நகரும்வரை காத்திருந்தார் அக்கா. பிறகு, வரிக்கு ஒரு தடவை முழங்காலால் மேசையின் அடிப்பக்கத்தை இடிக்க ஆரம்பித்தார்.