இறக்கி வைத்த என் கார்

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது என் வீட்டுக்காரர் என் காரை இறக்கிவிட்டார். இறக்குவது என்றால், கம்பெனி போட்டுக் கொடுத்த ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுக் குட்டை ஸ்பிரிங் மாட்டி, வண்டியைத் தரையோடு தரையாக உட்கார வைப்பது. அவருடைய சிநேகிதர்கள் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். பார்த்தால் ரேஸ் கார் மாதிரி இருக்குமாம்.

கார் என்னுடையது. செய்யாரில் ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை எனக்கு. கம்பெனி பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்து, என் சம்பளத்தில் வாங்கிய வண்டி.

"போன்ல சொன்னா நீ டென்ஷன் ஆவே, அதான் சொல்லல" என்றார். சேத்துப்பட்டு அம்மா வீட்டிலிருந்து என்னையும் குழந்தையையும் ஆரணிக்கு அழைத்து வந்த அன்று, ஒவ்வொரு வேகத்தடையிலும் எனக்கு ஆபரேஷன் செய்த இடம் சுருக்கென்று இழுத்தது. அவரோ வண்டிக்கு அடியில் உரசுகிறதே என்று உச்சுக் கொட்டிக்கொண்டு வந்தார்.

நான் ஓட்ட ஆரம்பித்ததும் வண்டி இடது பக்கம் இழுத்தது. நேராகப் போக ஸ்டீயரிங்கைக் கோணலாகப் பிடிக்க வேண்டியிருந்தது. சொன்னேன். "ரோடு அப்படி" என்றார்.

குழந்தைக்குத் தடுப்பூசி போட, வீட்டுக்காரரின் அம்மாவான அத்தையோடு ஆஸ்பத்திரிக்குப் போன அன்றுதான் தெரிந்தது. வண்டியை நிறுத்திவிட்டு, சந்தேகத்தில் குனிந்து முன் டயரின் உள்பக்கம் கையை விட்டேன். விரலில் சுள்ளென்று கம்பி குத்தியது. வெளியே பார்த்தால் நல்ல டயர். உள் ஓரத்தில் ரப்பரே இல்லை; தேய்ந்துபோய் டயருக்குள் இருக்கும் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. இதில்தான் பச்சைக் குழந்தையைப் படுக்க வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். ரத்தத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் அவரை இழுத்துக்கொண்டு பைபாஸில் இருக்கும், சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்க்கும் அலைன்மெண்ட் கடைக்குப் போனேன். முன்பக்கம் இரண்டுக்கும் புது டயர் போட்ட பிறகு, கடைக்காரர் சக்கரங்களில் கருவியை மாட்டி, திரையைப் பார்த்தார். அதில் எண்கள் எல்லாம் சிவப்பு. அடியில் இறங்கி எதையோ முறுக்கினார். ஒவ்வொன்றாகப் பச்சையானது. இரண்டு எண்கள் மட்டும் சிவப்பாகவே நின்றன.

"அது இன்னாங்க?" என்று கேட்டேன்.

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்துப் பதில் சொன்னார். "சார், சக்கரத்தோட மேல்பக்கம் உள்ளார சாஞ்சிகினு நிக்குது. வண்டிய இறக்குனா அப்படித்தான் சார். இந்த வண்டில அத திருப்ப வழியில்ல. பழைய ஸ்பிரிங் போட்டா தானா வந்துரும்."

"இப்படியே வுட்டா?"

"புது டயரும் தின்னுரும் சார்."

"அண்ணா, கேக்கறது நானு. வண்டி என்னுது. என்னப் பாத்து சொல்லுங்க."

கடையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். என் வீட்டுக்காரர் என் காதருகே வந்து, "ஸ்டீயரிங் நேராச்சு இல்ல, வுடு. எல்லாரும் பாத்துகினு இருக்காங்க. வீட்ல பேசிக்கலாம்" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் 'நீங்க' என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அன்று வாயில் அது வரவில்லை.

"பழைய ஸ்பிரிங்க எங்க வெச்ச நீ?"

அவர் முகம் சுருங்கியது. சிநேகிதர் ஒருவரின் பவர்லூம் ஷெட்டில் இருப்பதாகச் சொன்னார். நேராக வண்டியை அங்கே விட்டேன். தறிகளின் இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. எனக்கு அது வசதியாகவே இருந்தது. தார்ப்பாய் பறக்காமலிருக்க ஸ்பிரிங்குகளை அதன்மேல் பாரமாக வைத்திருந்தார்கள், மண்ணும் துருவுமாக. சிநேகிதர் சிரித்துக்கொண்டே, "இன்னா தங்கச்சி, இதுக்குப் போயி இவ்ளோ கோவமா?" என்றார். குத்துப்பட்ட விரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். சிரிப்பு நின்றது. ஸ்பிரிங்குகளை நானே தூக்கி டிக்கியில் போட்டேன். தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை நினைத்து இன்னும் ஆத்திரம் வந்தது.

மெக்கானிக் பழையபடி மாட்டிக் கொடுத்ததும் மறுபடி அலைன்மெண்ட். உயரம் மாறியதால் முதலிலிருந்து பார்க்க வேண்டியிருந்தது. இந்தத் தடவை கடைக்காரர், "அக்கா, நீங்களே வந்து பாருங்க" என்று என்னைத் திரைப் பக்கம் அழைத்தார். சிவப்பு எதுவும் இல்லை.

வீட்டில் அத்தை, "ஆம்பள ஏதோ ஆசப்பட்டு செஞ்சிட்டான், கடையில வெச்சி மானத்த வாங்கணுமா?" என்றார். வீட்டுக்காரர் சாப்பிடாமல் படுத்துவிட்டார். நான் சாப்பிட்டேன். போய் எழுப்பவில்லை. வேலைக்குத் திரும்பிய பிறகு செய்யார் ரோட்டில் வண்டி கோடு போட்டமாதிரி போகிறது. ஆனாலும் வண்டியை நிறுத்தும் இடத்திலெல்லாம் குனிந்து டயரைத் தடவிப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவர்மேல் கோபம் புதிதாகவே வருகிறது.