செத்த வீட்டுக்குப் போகாத கவர்

கைபேசிக்குக் கவர் தேவையா இல்லையா என்று கொழும்பு புறக்கோட்டையில் நான் வேலை செய்யும் புடவைக்கடையில் அடிக்கடி வாக்குவாதம் நடக்கும். தேவையில்லை என்ற கட்சிக்குத் தலைவர் எங்கள் கடையின் மூத்த விற்பனையாளர். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி, நான் அவரை நானா என்றுதான் கூப்பிடுவேன்.

"கண்ணாடி மாதிரி வடிவாச் செஞ்ச சாமான். அதுக்கு ரப்பர்ச் சட்டை என்னத்துக்கு? மாப்பிள்ளைக்கு மழைக்கோட்டுப் போட்டுக் கல்யாணம் முடிக்கிற மாதிரி ஈக்கி" என்பார்.

ஐந்து வருடமாக அவர் கவர் இல்லாமல் பாவிக்கிற போனில் ஒரு கீறல்கூடக் கிடையாது. வியாபாரம் முடிந்ததும் கைக்குட்டையால் துடைத்து, குழந்தையைப் படுக்கவைப்பதுபோல மேசை லாச்சிக்குள் வைப்பார். பார்க்க ஆசையாக இருக்கும்.

தேவை என்ற கட்சி என்னுடையது. உண்மையில் அது என் மனைவியின் கட்சி. நான் அதில் பிறகு சேர்ந்தவன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான், எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் இந்த விஷயத்தை எங்காவது எழுதி வைக்காவிட்டால் கடவுளுக்கு நன்றி சொல்லாதவன் போலாகிவிடும் என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது.

என் கையில் போன் தங்குவதில்லை. முதல் போன், கடையில் மேல்தட்டில் இருந்த சேலைக்கட்டை இழுக்க ஏணியில் ஏறியபோது சட்டைப்பையில் இருந்து குதித்தது. இரண்டாவது, வெள்ளவத்தை ஸ்டேஷனில் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தபோது தண்டவாளத்துக்கு நடுவில் போய் விழுந்தது. யாரையாவது கூப்பிடலாம் என்று திரும்பிப் பார்ப்பதற்குள் ரயில் வந்துவிட்டது. அந்த ரயிலிலேயே ஏறி வேலைக்குப் போனேன். வேறென்ன செய்வது?

அந்த நாட்களில்தான் என் மனைவிக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. மாடிப்படி ஏறினால் நடுவில் நிற்பாள். கோயிலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். இதயத்தில் ஒரு வால்வு பழுது, மாற்ற வேண்டும் என்று அரசாங்க ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பெயரைப் பதிவுசெய்த நேர்ஸ் மிஸ், கட்டில் எப்போது காலியாகும் என்று சொல்லமுடியாது, காலியானதும் போன் எடுப்போம், நீங்கள் பதில் சொல்லாவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடுவோம் என்று சிங்களத்தில் விளக்கினா. அவவிலும் பிழை சொல்ல முடியாது. அந்த வரிசையில் எத்தனை பேர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டு நின்றார்கள்.

எந்த நம்பரை எழுத என்று கேட்டபோது, கைபேசி இல்லாத என் மனைவி வீட்டு லைனைச் சொல்லாமல் என்னைக் காட்டினாள். "உங்கட நம்பரைக் குடுங்கோ. சிங்களத்தில கதைச்சா நான் பதறிப்போவன்" என்றாள்.

இரண்டு போன்களைக் கொன்றவனின் நம்பர்!

புதுப் போன் வாங்கிய அன்றே அவள் என்னைக் காலி வீதி நடைபாதைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே கவர் விற்பவனிடம் ஒவ்வொன்றாக எடுத்து நான்கு மூலையையும் நகத்தால் அழுத்திப் பார்த்தாள். கத்தரிக்காய் வாங்குகிற மாதிரித்தான்.

"தம்பி, விழுந்தாத் தாங்குமோ?"

"போன் தாங்கும் அக்கா. அண்ணன் தாங்குவாரான்னுதான் தெரியல" என்றான் அவன், என் முகத்தைப் பார்த்துவிட்டு.

கடைசியில் உள்ளே தெரிகிற ஒரு தடித்த கவரை எடுத்தாள். வீட்டுக்கு வந்து, சட்டைப்பைக் கலண்டர் ஒன்றில் இருந்த பிள்ளையார் படத்தை அளவாக வெட்டி, கண்ணில் ஒற்றிவிட்டு, போனுக்கும் கவருக்கும் நடுவில் வைத்து மூடினாள். முதுகுப்பக்கம் பிள்ளையார், முன்பக்கம் நான் பார்க்கிற செய்திகள்.

"பிள்ளையாருக்கு என்ர சட்டைப்பைக்குள்ள என்ன வேலை?" என்று கேட்டேன்.

"உங்களைக் காக்கிற வேலை இல்லை. உங்களிட்ட இருந்து போனைக் காக்கிற வேலை."

அப்போது சிரித்தேன். இரண்டு நாள் போனதும்தான் அவள் செய்த காரியம் விளங்கியது. பிள்ளையாரைக் காற்சட்டைப் பின்பையில் வைத்து அதன்மேல் உட்கார முடியுமா? முடியாது. ஆகவே போன் மேற்பைக்கு வந்தது. கழிவறைக்குக் கொண்டுபோக முடியுமா? முடியாது. ஆகவே சாமித்தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போகப் பழகினேன். மீன், மச்சம் சாப்பிட்ட கையோடு தொட முடியாது. கடையில் தரையில் சேலை விரித்துக் காட்டும்போது பக்கத்தில் தரையிலே போட முடியாது. மேசையில் வைத்தாலும் பிள்ளையாரின் முகம் மேலே பார்க்க வேண்டும். திரை கீழே போகுமே என்று அதற்கும் ஒரு பழைய கைக்குட்டையை மடித்துத் தந்துவிட்டாள். குனிய முன்னம் கை தானாக நெஞ்சுக்குப் போய்ப் பையைப் பிடிக்கும்.

"என்னா, நெஞ்சு நோவா?" என்று நானா கேட்பார்.

"இல்லை நானா, பிள்ளையார் உள்ளுக்கு இருக்கிறார்."

"அப்ப அவரையே ஏணியில ஏறச் சொல்லுங்க. நீங்க கீழ நில்லுங்க."

மூன்று மாதம் போன் ஒரு தடவைகூட விழவில்லை. நாற்பது வருடம் அம்மாவும் வாத்தியாரும் முதலாளியும் திட்டித் திருத்த முடியாத என்னை, ஒரு சின்னப் படத்தை வெட்டி வைத்து அவள் திருத்திவிட்டாள். மனதுக்குள் அவளைக் கும்பிட்டேன். வாயால் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஒரு புதன்கிழமை எங்கள் மாடிக்கட்டிடத்தில் மூன்றாம் மாடியில் இருந்த ஐயா இறந்துபோனார். உடலை மலர்ச்சாலை மண்டபத்தில் பார்வைக்கு வைத்திருந்தார்கள். மனைவிக்கு ஏலாது என்பதால் நான் மட்டும் வெளிக்கிட்டேன். வாசலில் என்னை மறித்தாள்.

"கவரைக் கழட்டி வச்சிட்டுப் போங்கோ. பிள்ளையாரைச் செத்த வீட்டுக்குக் கொண்டு போகேலாது."

அதுவும் சரிதானே. கழற்றிச் சாமித்தட்டில் வைத்தேன். கவர் இல்லாத போன் கையில் மீன் மாதிரி வழுக்கியது. பையில் போட்டதும் இருக்கிற பாரமே தெரியவில்லை. பிள்ளையார் இல்லை என்றதும் என் கையும் பையைப் பிடிக்க மறந்துவிட்டது. அதுதான் நடந்தது. வேறு யாரிலும் பிழை இல்லை.

பெட்டியைத் தூக்க நானும் தோள் கொடுத்தேன். மலர்ச்சாலைப் படியில் இறங்கும்போது சற்றுக் குனிந்திருப்பேன். சீமெந்துப் படியில் டக்கென்று ஒரு சத்தம். பெட்டியை விட்டுவிட்டுக் குனிய முடியுமா? படி முழுக்க இறங்கி, பெட்டியை வண்டியில் ஏற்றிய பிறகுதான் திரும்பி ஓடிவந்தேன். திரை கறுத்திருந்தது. ஒரு பச்சைக் கோடு மட்டும் நடுவில் நின்றது. பக்கத்தில் நின்றவரிடம் என் நம்பருக்கு ஒருமுறை அடித்துப் பார்க்கச் சொன்னேன். மணி அடித்தது. ஆனால் யார் கூப்பிடுகிறார் என்று திரையில் தெரியவில்லை. கண்ணாடியில் எங்கே விரலை இழுத்தாலும் அது பேசாமல் மணியை அடித்துக்கொண்டே இருந்தது. கூப்பிடுவது கேட்கும், பதில் சொல்ல முடியாது. அதைவிட அது முழுதாய்ச் செத்திருக்கலாம் என்று தோன்றியது.

மயானத்துக்குப் போகவில்லை. நேரே பஸ் ஏறினேன். பிள்ளையாரே, இண்டைக்கு மட்டும் அந்த மிஸ்ஸுக்கு வேறு வேலையைக் குடு என்று வழி முழுக்க மன்றாடினேன். முழுகி, உடுப்பு மாற்றி, உடனே போனைத் திருத்தக் கொடுப்பதென்று நினைத்துக்கொண்டேன்.

செத்த வீட்டுத் துடக்கோடு, முழுகாமல், வீட்டுக்குள் எதையும் தொட அவள் விடமாட்டாள். போனை வாசலில் செருப்புத் தட்டில் வைத்தேன்.

"போன் விழுந்திட்டுது" என்றேன்.

ஏசுவாள் என்று நின்றேன். அவள் என் முகத்தைத்தான் பார்த்தாள். "உயிர் இருக்கோ?"

"சத்தம் இருக்கு. முகம் இல்லை."

"சரி, போய் முதல்ல முழுகுங்கோ."

தலையில் சவர்க்காரம் போட்டிருந்தேன். வாசலில் போன் மணி அடித்தது.

கண்ணைத் திறக்கவும் முடியவில்லை, கதவைத் திறந்து ஓடவும் முடியவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. அவளுடைய காலடிச் சத்தம் அவசரமாகச் சமையலறைக்குப் போய், திரும்பி வாசலுக்கு வந்தது. மணி நின்றது. போய்விட்டது, அடுத்த பெயருக்குப் போய்விட்டது என்று தண்ணீரைத் திறந்தபடி சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது அவளுடைய குரல் கேட்டது.

"ஒவ் மிஸ். மம தமய் லெடா."

ஓம் மிஸ், நான்தான் நோயாளி என்கிறாள். குழாயைப் பூட்டிவிட்டுக் காதைக் கொடுத்தேன். நாளைக் காலை எத்தனை மணிக்கு, என்னென்ன கொண்டுவர, எந்த மருந்தை இன்றே நிறுத்த என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தாள். பதறவே இல்லை. கடைசியில் "பொஹோம ஸ்துதி மிஸ்" என்று நன்றியும் சொல்லி வைத்தாள்.

ஈரத் தலையோடு வெளியே வந்தேன். அவள் வாசலில் செருப்புத் தட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். காதில் அவளுடைய பழைய வயர் இயர்போன். அதன் மற்ற முனை என் போனில் செருகியிருந்தது. மரக்கறி வெட்டும்போது என் போனில் பக்திப்பாட்டுக் கேட்பதற்கு அவள் வைத்திருக்கிற சாமான். இந்தக் காலத்தில் யார் வயரோடு திரிகிறார்கள் என்று நான் எத்தனை முறை நையாண்டி பண்ணியிருப்பேன்.

"எப்பிடி எடுத்தனீர்? திரை வேலை செய்யேல்லையே."

"இந்த வயரில பட்டன் இருக்கெல்லோ. மாக்கையோட இருக்கேக்குள்ள உங்கட போன் அடிச்சா நான் இதிலதானே எடுக்கிறனான். போனைத் தொடத் தேவையில்லை."

"ஆனா தொட்டுத்தானே செருகினனீர்? துடக்கெல்லோ?"

"துடக்கை முழுகிக் கழுவலாம். கட்டில் போனாத் திரும்பி வருமே? தள்ளுங்கோ, நான் முழுகப் போறன்."

எனக்கு இன்னொன்றும் கேட்கவேண்டியிருந்தது. "சிங்களத்தில கதைச்சாப் பதறிப்போவன் எண்டு சொன்னீரே?"

துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினாள். "இருபது வருசமாச் சந்தையில மீன்காரனோட சிங்களத்தில சண்டை பிடிக்கிறன். ஒரு மிஸ்ஸோட கதைக்க மாட்டனே? அண்டைக்கு ஆஸ்பத்திரியில உங்கட முகத்தைப் பார்த்தன். வெள்ளைக் கடதாசி மாதிரி இருந்தது. கையில ஒரு பொறுப்பு இருந்தா ஆள் நிமிர்ந்து நிப்பார் எண்டு நினைச்சன். சும்மா இருந்தா எனக்கு முதல் நீங்கள் பயந்து செத்திருப்பியள்."

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். நோய் அவளுக்கு. பயம் எனக்கு. அதற்கும் அவள்தான் மருந்து பார்த்திருக்கிறாள்.

சத்திரசிகிச்சை நாளன்று தோடு, தாலி எல்லாம் கழற்றி என் கையில் தந்தாள். உடைந்த போனுக்குத் திரும்பவும் கவர் போட்டிருந்தேன். நடைவழியில் மர வாங்கில் உட்கார்ந்து, பிள்ளையார் மேலே பார்க்கும்படி அதை மடியில் வைத்து, அவள் தந்தவற்றைக் கைக்குட்டையில் முடிந்து மேலே பிடித்துக்கொண்டேன். படத்தின் ஒரு ஓரம் வியர்வையில் சுருண்டிருந்தது. நான் ஒன்றும் பெரிதாக வேண்டவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். மத்தியானம் தாண்டி ஒரு மிஸ் நடந்து வந்து என் முன்னால் நின்று, "ஹொந்தய்" என்றா. நல்லாயிருக்கிறா என்றுதான் அர்த்தம். அந்தச் சொல்லைச் சிங்களத்தில் கேட்டுக் கேட்டுப் பழகியவன்தான் நான். அன்று புதிதாகக் கேட்டேன்.

அவள் வீட்டுக்கு வந்து மூன்றாம் வாரம், நானா திராட்சைப்பழமும் பிஸ்கட்டுமாக நோயாளியைப் பார்க்க வந்தார். சாமித்தட்டுப் பக்கத்தில் ஆணியில் ஒரு கறுப்புக் கவர் தொங்கியது. மனைவி எழுந்து நடக்கத் தொடங்கியதும் முதலில் என்னை அனுப்பி வாங்குவித்த சாமான் அது.

"இது யாருக்கு?"

"செத்த வீட்டுக்குப் போறதுக்கு. படம் இல்லாதது" என்றேன்.

"யா அல்லாஹ், உங்கட ஊட்ல போனுக்கும் மாத்துச் சட்டை ஈக்கே!" என்று சிரித்துவிட்டு, வழக்கத்தை விடாமல் அவளிடம் முறையிட்டார். "தங்கச்சி, நீங்களே சொல்லுங்க. போனுக்குக் கவர் வேணுமா?"

அவள் கையை நீட்டி அவருடைய போனை வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள், மூலைகளை நகத்தால் தடவினாள்.

"ஒரு கீறலும் இல்லை. எப்பிடி நானா?"

"கவனமா வெச்சிருக்கேன் தங்கச்சி."

"அப்ப உங்கட போனுக்கு வேண்டாம்" என்று திருப்பிக் கொடுத்தாள். "கவர் போனுக்கு இல்லை நானா. இவருக்கு."

நானா தொடையில் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டு தேத்தண்ணிக் கோப்பையை எடுக்கக் குனிந்தேன், கை தானாக நெஞ்சுப் பையைப் பிடித்தது. அதைக் கண்டு இருவரும் இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். அவள் ஒரு கையால் தன் நெஞ்சை அமர்த்திக்கொண்டாள்.

"சிரிக்கவைக்காதேங்கோ" என்றாள், "தையல் இழுக்குது."