ஜிகுஜிகு டப்பாவும் அரக்குப் புடவையும்

அந்த லைட்டு டப்பாவ இப்ப நெனச்சாலும் எனக்குக் கொமட்டும். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி வெச்ச கம்ப்யூட்டர் கேபினெட்டு. உள்ள மூணு ஃபேன். மூணும் செகப்பு, பச்சை, ஊதான்னு மாறி மாறி மின்னிக்கிட்டே இருக்கும். திருவிழா ராட்டினத்துல கட்டுற சீரியல் லைட்டுகூட அதவிட அடக்கமா எரியும். போட்டோ எடிட் பண்றதுக்கு கம்ப்யூட்டர் கேட்டுப் போன என் முன்னாடி, கடைக்காரர் மொதல்ல தூக்கி வெச்சது அதத்தான்.

நான் கல்யாண ஆல்பம் எடிட் பண்றவ. உப்பளம் ஏரியாவுல எங்க வீட்டு மாடியில ஒரு மேசை, ஒரு நாற்காலி, அதான் என் ஆபீஸு. ஸ்டுடியோக்காரர் ஹார்டு டிஸ்க்கக் குடுத்தனுப்புவாரு. நல்ல படமாப் பொறுக்கி, கலர் சரிபண்ணி, பக்கம் பக்கமா அடுக்கித் திருப்பிக் குடுப்பேன். ஆறு வருஷமா ஒரு பேச்சு வாங்கினதில்ல. அப்புறம் ஒரே ஆல்பத்துல மொத்த மானமும் போச்சு.

முகூர்த்தப் பக்கம் அச்சாகி வந்தப்ப, பொண்ணு கட்டியிருந்த அரக்குக் கூறைப்புடவை சுத்தக் கறுப்பா வந்திருந்தது. மாப்பிள்ளையோட அம்மா ஆல்பத்த ஸ்டுடியோ மேசையில தூக்கிப் போட்டு, “தாலி கட்டுற நேரத்துல எம்மருமவ கறுப்புப் புடவையா கட்டிக்கினு ஒக்காந்திருந்தா?”ன்னு கேட்டாங்களாம். அபசகுனம்னு அங்கயே அழுதாங்களாம். தப்பு என்னுதுதான், இல்லன்னு சொல்லல. என் பழைய மானிட்டர் வெளிச்சத்த அள்ளிக் கொட்டும். அதுல எல்லாம் பளபளன்னு தெரிஞ்சதால நான் கொறச்சு கொறச்சு இருட்டாக்கிட்டேன். ஸ்டுடியோக்காரர் திட்டல. “இன்னொரு ஆல்பம் தர்றேன்மா. அதுவும் இப்படி வந்தா, நான் வேற ஆளப் பாத்துக்கறேன்”னாரு. திட்டியிருந்தாக்கூடத் தேவலாம்.

அதனால எனக்கு என்ன வேணும்னு தெளிவாத் தெரியும். கலர உள்ளது உள்ளபடி காட்டுற மானிட்டர் ஒண்ணு. அதுக்கப்புறம் தாராளமா மெமரி, வேகமான எஸ்எஸ்டி, நல்ல பிராசஸர். அவ்ளோதான். ஒரு தாள்ல எழுதி வெச்சிருந்தேன். கூடவே, பழுதான அந்தப் பக்கத்துப் படத்தோட, நான் கலர் தொடாத ஒரிஜினல் ஃபைல பென் டிரைவ்ல போட்டுக்கிட்டேன். அந்தக் கல்யாண வீட்டுக்குப் போய்க் கெஞ்சி, அதே கூறைப்புடவையோட ரவிக்கை வெட்டின மிச்சத் துணி கொஞ்சம் வாங்கிட்டு வந்தேன். ஸ்கிரீன் பக்கத்துல துணியப் புடிச்சுப் பாத்தா எது உண்மை சொல்லுதுன்னு தெரிஞ்சுடும்ல!

ஆனா என்னத் தனியா விட்டாத்தான? எங்க வீட்டுக்காரர் சேதராப்பட்டு கம்பெனியில வேலை பாக்கறாரு, கம்ப்யூட்டர்ல ஆனா ஆவன்னா தெரியாது. அவரு தம்பி, என் கொழுந்தன், லாஸ்பேட்டையில ஒரு ஆபீஸ்ல கிளார்க்கு. வீட்டுக்கு வந்தா விடிய விடிய துப்பாக்கி கேம் ஆடுவாரு. அது ஒரு தகுதி! “தம்பிக்குத் தெரியும், அவன் பாத்துப்பான்”னு ரெண்டு பேரும் முன்னால நடக்க, நான் கைப்பையோட பின்னால போனேன்.

கடைக்காரர் என் மூஞ்சியவே பாக்கல. “என்ன யூஸுக்கு சார்?”னு எங்க வீட்டுக்காரரக் கேட்டாரு. இவரு தம்பியப் பாத்தாரு. தம்பி, “எடிட்டிங், கொஞ்சம் கேமிங்”னாரு. எவன் கேட்டான் கேமிங்? நான் தாள நீட்டினேன். வாங்கி, படிக்காமயே கால்குலேட்டருக்கு அடியில சொருகிட்டு, “மேடத்துக்கு நல்லதாவே போட்டுருவோம்”னு சொல்லி, கிராபிக்ஸ் கார்டு எடுக்கப் போயிட்டாரு. அப்புறம் அந்த டப்பா வந்தது. வளைஞ்ச மானிட்டர் ஒண்ணு வந்தது. என் கொழுந்தன் அதுல ஓடுற கேம பாத்து வாயப் பொளந்துக்கிட்டு நின்னாரு.

நான் பென் டிரைவ போடச் சொல்லி, துணிய எடுத்து ஸ்கிரீன் ஓரமாப் புடிச்சேன். துணி அரக்கு. படத்துல இருந்தது நாவப்பழக் கலரு. “பாருங்க, சேரல”ன்னேன். கடைக்காரர் சிரிச்சாரு. “மேடம் ரவிக்கை மேட்ச் பண்ற கடை அடுத்த தெருவுல இருக்கு.” இவரும் சிரிச்சாரு, தம்பியும் சிரிச்சாரு. கட்டின புருஷன் எவனோ ஒருத்தனோட சேந்து என்னப் பாத்து சிரிக்கறப்ப, சீ, அங்கயே காறித் துப்பணும்போல இருந்தது. துப்பல. வாய மூடிக்கிட்டு நின்னேன். அதுதான் எனக்கு அதவிட அசிங்கமா இருந்தது. அட்வான்ஸு குடுத்தோம். எல்லாத்தயும் மாட்டி நாளைக்கு சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பறோம்னு கடைக்காரர் சொல்ல, வந்துட்டோம்.

மறுநாள் இவரு ஷிஃப்டுக்குக் கெளம்பினதும் ஸ்கூட்டிய எடுத்துக்கிட்டு நேரா கடைக்குப் போனேன். நல்லவேளை, இன்னும் மாட்ட ஆரம்பிக்கல. எல்லாத்தயும் மாத்தணும்னேன். “சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன் மேடம்”னு போன எடுத்தாரு. “அவருதான் அனுப்பினாரு”ன்னேன். சொன்ன அடுத்த நொடி, “அப்படியா, சொல்லுங்க மேடம், உக்காருங்க”ன்னு நாற்காலிய இழுத்துப் போட்டாரே பாக்கணும்! என் வேலைக்கு என் சாமான் வாங்க ஒரு பொய் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பொய்ய நெனச்சா இன்னிக்கும் வாயெல்லாம் கசக்குது.

அப்புறம் ஒண்ணொண்ணா நான் சொன்னபடி நடந்தது. அந்த டப்பா போச்சு, சாதா கறுப்பு கேபினெட்டு வந்தது. கேமுக்கான கிராபிக்ஸ் கார்டு போச்சு, மெமரி ரெண்டு மடங்காச்சு. ஸ்கிரீனுங்கள கடை வாசப்பக்கம், பகல் வெளிச்சம் படற எடத்துக்குத் தூக்கிட்டு வரச் சொன்னேன். முணுமுணுத்துக்கிட்டே தூக்கினாங்க. துணிய வெச்சு வெச்சுப் பாத்தேன். ஆறாவது மானிட்டர்ல துணி எது படம் எதுன்னு எனக்கே ஒரு நிமிஷம் தெரியல. “இது”ன்னேன்.

சாயங்காலம் மிஷின் வந்துச்சு. அதப் பாக்க வந்த கொழுந்தன், “லைட்டு எங்க அண்ணி?”ன்னாரு. நான்தான் மாத்தினேன்னு நேரா சொல்லிட்டேன். “இது என்ன, பேங்குல வெக்கிற மிஷினு”ன்னு மூஞ்சத் தூக்கிக்கிட்டுப் போனாரு. “அவன் எவ்ளோ ஆசையா பாத்தான் தெரியுமா?”ன்னு இவரு ரெண்டு நாளு என்கிட்ட சரியா பேசல. போங்கடா.

புது ஆல்பம் முடிச்சுக் குடுத்தேன். அதுலயும் அரக்குக் கூறைதான். அச்சாகி வந்தத பாத்துட்டு ஸ்டுடியோக்காரர் ஞாயித்துக்கெழம போன் பண்ணாரு. என் நம்பருக்கு இல்ல, இவரு நம்பருக்கு. புடவை அப்படியே அரக்கா வந்திருக்கு, பொண்ணு வீட்டுக்காரங்க குளுந்து போயிட்டாங்க, என்ன மிஷின் எடுத்தீங்கன்னு கேட்டிருக்காரு. இவரு கொஞ்சமும் கூசாம, “எல்லாம் எந்தம்பி செலக்சன் சார்”ங்கறாரு. நான் அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டே இருக்கேன்.

அன்னிக்கு மத்தியானமே கொழுந்தன் வந்துட்டாரு. ஸ்டுடியோவுக்கு ரெண்டு மிஷின் பாத்துக் குடுக்கணுமாம், இந்த ஐயாவத்தான் கூப்பிட்டிருக்காங்களாம். இவரு ஹால்ல டிவி பாத்துக்கிட்டிருக்க, மெதுவா எங்கிட்ட வந்து, “அண்ணி, அந்த மானிட்டர் மாடல் என்ன? நீங்க என்னென்ன மாட்டினீங்க, ஒரு சீட்டுல எழுதிக் குடுங்களேன்”னாரு.

வெக்கமில்லாத ஜென்மங்க. நான் ஹாலுக்கு வந்து, அங்கயே நின்னு ஸ்டுடியோக்காரருக்குப் போன் போட்டேன். “சார், இந்த மிஷின்ல ஒரு ஸ்க்ரூகூட இவங்க பாத்தது இல்ல. அத்தனையும் நான் பாத்தது. உங்களுக்கும் நானே வந்து பாத்துத் தர்றேன்”னேன்.

ஸ்டுடியோக்காரர், “சரிம்மா, வீட்டுக்காரர் இருக்காரா? போன அவருகிட்ட குடேன்”னாரு.

இவரு எனக்கு எதிர்ல, ரிமோட்ட கையில வெச்சுக்கிட்டு, என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தாரு.

“இல்ல சார்”னேன். “இங்க நான் மட்டும்தான் இருக்கேன். எங்கிட்டயே சொல்லுங்க.”