பத்து வயது கூட்டிச் சொன்னேன்

கொரட்டூரிலும் முகப்பேரிலும் நான் எழுப்பிய சுவர்களை வரிசையாக நிறுத்தினால் ஆவடி வரைக்கும் போகும். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவன்தான். ஆனால் படித்த எஞ்சினியர்களே என் சுவருக்குத் தூக்குக்குண்டு பிடித்துப் பார்க்க மாட்டார்கள். வேலை நடக்கிற இடத்தில் நான் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆதார் அட்டைக்குப் படம் பிடித்த அன்றுதான் சறுக்கினேன். வரிசையில் பின்னால் நின்ற ஃப்ளாட்டுக்காரப் பையன், என் மகன் வயதுதான் இருக்கும், "தள்ளி நில்லுப்பா" என்றான். சுருக்கென்றது. உள்ளே வயது கேட்டார்கள். என் கணக்குக்கு ஐம்பதுதான். அவன் காதில் விழட்டும் என்று, "அறுபது, எழுதிக்கோங்க" என்று சத்தமாகச் சொன்னேன். அவனே நாற்காலியை நகர்த்தி, "உக்காருங்க ஐயா" என்றான். உட்காரவில்லை. மீசையை மட்டும் நீவிக்கொண்டேன்.

பக்கத்தில் என் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து என்னோடு சித்தாளாகக் கலவை சுமப்பவள். என்னைவிட இரண்டே வயது இளையவள். கூச்சப்பட்டுக்கொண்டு, "நாப்பது இருக்கும்" என்றாள். நான் சிரித்துவிட்டேன்.

போன மாதம் அம்பத்தூரில் ஒரு அடுக்குமாடி வேலைக்கு இருவரும் போனோம். கேட்டில் அட்டையை வாங்கிப் பார்த்தார்கள். அறுபத்தைந்து தாண்டியவர்களை உள்ளே விடக்கூடாதாம். அட்டைப்படி நான் எழுபதைத் தாண்டிவிட்டேன்.

"அது பொய் வயசு சார். நானே கூட்டிச் சொன்னது."

"எல்லாப் பெருசும் இதத்தான் சொல்லுது" என்றார் அங்கிருந்த அதிகாரி. "பர்த் சர்டிபிகேட் இருக்கா?"

என்னைப் பெற்றவளுக்கே தேதி தெரியாது. ஒரு சுவர் கட்டிக் காட்டுகிறேன் என்று பையிலிருந்து கரண்டியை எடுத்தேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அடுத்த ஆள் என் மனைவி. அவள் அட்டையில் ஐம்பத்துச் சொச்சம்தான். போகலாம் என்றார்கள். அவள் முட்டி வலிக்குக் காலையில்தான் தைலம் தேய்த்துவிட்டிருந்தேன்.

"நீ போவாத. வா, ஊட்டுக்குப் போலாம்."

"ரெண்டு பேரும் ஊட்ல குந்திகினா சோறு எங்கேர்ந்து வரும்? அன்னிக்கே அந்த வாய மூடிகினு இருந்தியா நீ, மேஸ்திரி?" என்றபடி சாப்பாட்டுப் பையை என் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

கேட் கம்பி வழியாகப் பார்த்தேன். தலையில் கலவைச் சட்டியோடு ஏறினாள். ஒவ்வொரு படிக்கும் முட்டியில் கை ஊன்றினாள். தலையில் பாரத்தோடு திரும்பிப் பார்க்க முடியாது.

வாட்ச்மேன் ஸ்டூலை என் பக்கம் நகர்த்தி, "உக்காருங்க ஐயா" என்றான்.

உட்கார்ந்தேன்.