பஞ்சப்படியின் மீதிப் பாதி

படி என்றால் உங்களுக்கு மாடிப்படிதான் தெரியும். அரிசி அளக்கும் பாத்திரத்துக்கும் அதுதான் பெயர். கடைகளில் கிலோ வந்த பிறகும் எங்கள் அம்மா படியில் அளந்துதான் உலையில் போடுவாள்.

எழுபதுகளில், எனக்கு ஏழு வயதிருக்கும்போது, விலைவாசி ஏறிக்கொண்டே போனது. ஐந்து பேருக்கு ஒரு நாளைக்கு ஒரு படி போட்டவள் அதை அரைப்படியாக்கினாள். கேட்டால், "பஞ்சப்படி வரட்டும், பழையபடி முழுப்படி போடறேன்" என்பாள். விலை ஏறும்போது சம்பளத்தோடு சேர்த்துக் கொடுக்கும் பணத்துக்குத்தான் பஞ்சப்படி என்று பெயர். நானோ, பஞ்ச காலத்தில் சர்க்கார் படியால் அளந்து போடும் அரிசி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா திருவள்ளூரில் ரோடு போடும் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. சர்க்கார் செலவைச் சுருக்கியதில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் போட்டுக்கொண்டிருந்த ரோடு பாதியில் நின்றது. கூடி வந்த பஞ்சப்படியிலும் பாதிதான் அப்பா கைக்கு வந்தது. எல்லார் கையிலும் காசு புழங்கினால் விலை இன்னும் ஏறுமாம். அதனால் மீதியைச் சர்க்காரே பிடித்து வைத்து, சில வருஷம் கழித்து வட்டியோடு தருமாம்.

அம்மா நம்பவில்லை.

"எந்த ஊரு சர்க்காரு குடுக்கறதுல பாதிய புடிச்சி வெச்சிக்கும்? சீட்டாட்டத்துல உட்டுட்டு வந்து கதை சொல்லிக்கினு கீறீங்களா?"

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். இரண்டு நாள் அப்பாவின் தட்டை ணங்கென்று வைத்தாள் அம்மா.

மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் விட்டதும் படியைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன்.

"பஞ்சப்படி பாதிதான் வந்துச்சாம். மீதிய இதுல அளந்து குடுங்க."

"இன்னா நைனா, கஜானாவத் தொறந்து கொட்டிடவா?" என்றார் பியூன். ஆபீசே சிரித்தது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். சத்தம் கேட்டு ஆபீசர் வெளியே வந்தார். படியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கும் பாதிதான் தம்பி வந்துச்சு. எனக்கும் ஒரு படி எடுத்துக்கினு வந்திருக்கக் கூடாதா?"

சிரிப்பு நின்றுவிட்டது.

நான் ஆபீசுக்குப் போனது தெரிந்ததும் வீட்டில் அம்மா கையை ஓங்கினாள்.

"அடிக்காதம்மா! ஆபீசருக்கும் பாதிதான் வந்துச்சாம். அவரு ஊட்ல படியே இல்ல போல, என்னாண்ட கேட்டாரு."

ஓங்கிய கை மெதுவாக இறங்கியது.

அன்றைக்கும் அரைப்படிச் சோறுதான். ஆனால் அப்பா தட்டில் மட்டும் ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தது. ஆபீசர் வீட்டில் படி இல்லாததற்கு அப்பாவுக்கு எதற்குக் கூடுதல் சோறு என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.